தவணை பேசிக் கடனை முடிப்பது: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கடன் கழுத்தை நெரிக்கும்போது பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். போனை எடுக்காமல் விடுகிறார்கள், அல்லது ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறார்கள். மூன்றாவது வழியும் உண்டு. மாதம் எவ்வளவு முடியுமோ அதைக் கணக்குப் போட்டு, கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் பேசி, அவரிடமிருந்தும் எழுத்தில் சம்மதம் வாங்கி, அதன்படி கட்டி முடிப்பது. வங்கியில் இதற்கு மறுசீரமைப்பு என்று பெயர். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் சமரசத் தீர்வு, கோர்ட்டில் தவணைத் தீர்ப்பு. மஞ்சக் கடுதாசி என்று ஊர் கேலி பேசுகிற திவால் மனுவுக்குள்ளும் இதே ஏற்பாட்டுக்கு ஒரு இடம் இருக்கிறது.

எந்த வாசலில் போய் நின்றாலும் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்? அந்த எண் உங்கள் வீட்டுச் செலவுக் கணக்கிலிருந்து வர வேண்டும். எதிரில் இருப்பவர் கேட்டதற்குத் தலையாட்டி வந்த எண் மூன்றாம் மாதமே உடைந்துபோகும்.

நோட்டில் எழுத வேண்டியது

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம். கொடுத்தவர் பெயர், கணக்கு எண், வாங்கிய தொகை, இன்றைய அசல் பாக்கி, வட்டி விகிதம், மாதத் தவணை, கடைசியாகக் கட்டிய தேதி, அடமானம் என்ன, ஜாமீன் யார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் எத்தனை, புரோநோட் எத்தனை.

கடைசி இரண்டையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த ஒரு செக் பின்னாளில் பெரிய தலைவலியாகும். அதை வங்கியில் போட்டுத் திரும்பி வந்தால், கடன் கொடுத்தவர் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் கட்டாவிட்டால் அது கிரிமினல் வழக்காகிறது. செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறையோ, செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதமோ விதிக்க முடியும். கடன் பாக்கிக்காகப் போலீஸ் வராது என்பது பொதுவாக உண்மை. செக் விஷயத்தில் அந்த நம்பிக்கையில் இருந்துவிட வேண்டாம்.

கடைசியாகக் கட்டிய தேதி ஏன் வேண்டும்? அடமானம் இல்லாத கடனுக்கு வழக்குப் போடக் காலவரம்பு 3 ஆண்டு. அந்த 3 ஆண்டு முடிவதற்குள் நீங்கள் ஒரு சிறு தொகை கட்டினாலும், ‘பாக்கி இருப்பது உண்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு தொடங்கும். தவணை கேட்டு எழுதும் கடிதமும் இந்தக் கணக்கில் கடனை ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். ரொம்ப நாளாக ஒரு பைசாவும் கட்டாத பழைய கடன் இருந்தால், அதற்கு மட்டும் பேனாவை எடுக்குமுன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டி விகிதத்தை ஆண்டுக் கணக்குக்கு மாற்றி எழுதுங்கள். ‘ரெண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24%. மூணு வட்டி 36%. தண்டலில்தான் கண் ஏமாறும். 10,000 என்று எழுதி, 1,500 பிடித்தம் போக 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூல். பார்க்க 15% போலத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால் ஆண்டுக் கணக்கில் அது 120% பக்கம் போய் நிற்கும்.

கட்டக்கூடிய தொகை

மாத வருமானத்திலிருந்து வாடகை, மளிகை, பால், கரண்ட், பஸ், மருந்து, பள்ளிக் கட்டணம் கழியுங்கள். பிறகு வருடத்தில் ஒருமுறை வருகிற செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து அதையும் கழியுங்கள்: ஜூன் மாத ஸ்கூல் பீஸ், தீபாவளி, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒழுகும் கூரை. கடலூர்க் கடற்கரை வீடுகளில் கடைசிச் செலவை விட்டுப் போட்ட கணக்கு எதுவும் நிற்பதில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று இந்தக் கரைக்குப் புயல் அறிமுகமில்லாத விருந்தாளி அல்ல.

வருமானம் சீராக வராதவர்கள் தவணையையும் சீராகக் கேட்கக் கூடாது. தேவனாம்பட்டினத்திலோ சிங்காரத்தோப்பிலோ விசைப்படகில் போகும் ஒருவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதத்துக்கும் வட்டி மட்டும் கட்டி, மற்ற மாதங்களில் கூடுதலாகக் கட்டுவதாகத் திட்டம் போட்டுக் கொடுங்கள். பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரியை நம்பியவருக்கு அறுவடை மாதங்களில் பெரிய தவணை, மற்ற மாதங்களில் சிறியது. எழுதிக் கேட்டால் பரிசீலிக்கிற கிளைகள் உண்டு. கேட்காதவருக்குக் கம்ப்யூட்டர் போடும் சம தவணைதான்.

ஓர் எடுத்துக்காட்டு. சிப்காட்டில் வேலை. ஓவர்டைம் நின்றதில் வீட்டு வருமானம் 46,000-லிருந்து 38,000 ஆகிவிட்டது. செலவு 24,500. மழைக்கும் மருந்துக்கும் 2,000 ஒதுக்கினால் மிச்சம் 11,500. கடன்களோ இப்படி: வங்கித் தனிநபர் கடன் 3,20,000, கிரெடிட் கார்டு 1,10,000, ஃபைனான்ஸ் கம்பெனி 70,000. மொத்தம் 5 லட்சம். இப்போது கட்டச் சொல்லும் மாதத் தொகை 20,500. நடக்காது.

11,500-ஐக் கடனின் அளவுப்படி பங்கிட்டால் வங்கிக்கு 64%, கார்டுக்கு 22%, கம்பெனிக்கு 14%. ரவுண்டு செய்தால் 7,400, 2,500, 1,600. வங்கிக் கடன் 14% வட்டியில் இருந்தால் 7,400 வீதம் 61 மாதத்தில் முடியும். இது நியாயமான கோரிக்கை, வங்கி காது கொடுத்துக் கேட்கும்.

கார்டில்தான் கணக்கு முட்டுகிறது. மாதம் 3.5% வட்டி என்றால் 3,850, அதன்மேல் 18% ஜிஎஸ்டி 693. ஆக 4,543 ரூபாய் வட்டிக்கே போகிறது. 2,500 கட்டினால் கடன் மாதாமாதம் ஏறும். எனவே கார்டு நிறுவனத்திடம் ‘தவணையைக் குறையுங்கள்’ என்று கேட்பதில் பயனில்லை. கார்டை முடக்கி, பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். 18% ஆண்டு வட்டிக்கு மாற்றினால் 2,500 வீதம் 73 மாதம். வட்டியை நிறுத்திவிட்டால் 44 மாதம். இரண்டும் கிடைக்கவில்லையென்றால் மட்டும் ஒரே தொகையில் தீர்ப்பதைப் பற்றி யோசியுங்கள்.

விகிதம் ஓர் ஆரம்பப் புள்ளிதான். ஆனாலும் இந்தப் பங்கீட்டுத் தாளை எல்லோருக்கும் அனுப்புவதில் ஒரு லாபம் இருக்கிறது. ‘அடுத்தவனுக்குக் கொடுத்து எனக்குக் கொடுக்கவில்லை’ என்ற பேச்சு எழாது.

வீட்டுக் கடன், நகைக் கடன், வண்டிக் கடனை இந்தப் பங்கீட்டில் சேர்க்க வேண்டாம். அவற்றின் தவணை போனால் பொருளே போய்விடும் என்பதால், குடியிருக்கும் வீட்டுக்கும் பிழைப்புக்கான வண்டிக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு மீதியைப் பங்கிடுங்கள். கார்டை அடைக்க நகையை வைப்பதோ, வீட்டின் மேல் கடன் வாங்குவதோ எங்களுக்குப் பிடிக்காத யோசனை. கார்டு கம்பெனியால் உங்கள் வீட்டைத் தொட முடியாதிருந்தது, நீங்களே அந்தக் கதவைத் திறந்துவிடுகிறீர்கள்.

90 நாள்

தவணை தவறிய முதல் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று வங்கி உங்கள் கணக்குக்கு மூன்று எச்சரிக்கைப் படி வைத்திருக்கிறது. 90 நாள் தாண்டினால் வாராக் கடன், அதாவது என்பிஏ. கேட்க வேண்டியதை அதற்கு முன்னால் கேளுங்கள். முதல் இரண்டு படியில் கிளை மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவார். என்பிஏ ஆன பிறகு கோப்பு வசூல் பிரிவுக்குப் போய்விடும். அங்கே இருப்பவருக்கு உங்கள் பாஸ்புக்கும் தெரியாது, குடும்பமும் தெரியாது.

வீட்டுக் கடன் என்பிஏ ஆனால் அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அவகாச நோட்டீஸ் வரும். அதற்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். இந்த 60 நாள்தான் தவணை பேசக் கடைசி நல்ல நேரம். சுவாதீன நடவடிக்கை தொடங்கிவிட்டால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அது சென்னைக்கு நடை, வக்கீல் செலவு.

இன்னொரு முன்னெச்சரிக்கை. சம்பளம் வரும் கணக்கும் கடனும் ஒரே வங்கியில் இருந்தால், பாக்கிக்காகச் சம்பளத்தை அப்படியே பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பேச்சுவார்த்தை தொடங்குமுன் சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்வது தப்பு அல்ல. அரிசிப் பானையைக் காப்பாற்றிக்கொண்டுதான் கடனைப் பேச முடியும்.

கடிதம்

வாயால் சொன்னது காற்றோடு போகும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத கடிதம் எழுதுங்கள். இப்படி:

‘பொருள்: தனிநபர் கடன் கணக்கு எண் ……… – தவணையைக் குறைத்துக் காலம் நீட்டிக்கக் கோருதல்.

ஐயா/அம்மா, மேற்படி கடனின் மாதத் தவணை 10,400 ரூபாயைக் கடந்த 2 மாதமாக முழுதாகக் கட்ட இயலவில்லை. ஓவர்டைம் நின்றதால் குடும்ப வருமானம் 46,000-லிருந்து 38,000 ஆகக் குறைந்துள்ளது. 6 மாதச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் இணைத்துள்ளேன். வீட்டுச் செலவும் மற்றக் கடன்களும் இணைப்புத் தாளில் உள்ளன. மாதந்தோறும் 7-ஆம் தேதி 7,400 ரூபாய் கட்ட இயலும். தற்போதைய வட்டியிலேயே 61 மாதத்தில் கடன் தீரும். தாமதத்துக்கான அபராதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, திருத்திய தவணை அட்டவணையை எழுத்து மூலம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிவு வரும்வரை 7,400 ரூபாயைத் தொடர்ந்து செலுத்தி வருவேன்.’

கடைசி வரி முக்கியம். பதில் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்தத் தொகையை அந்தத் தேதியில் கட்டத் தொடங்குங்கள். மூன்று மாத ரசீது, முப்பது வாக்குறுதியைவிடப் பேசும்.

இரண்டு நகல் எடுத்துக் கிளையில் கொடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கடன் கணக்கின் முழு விவர அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். 2024 ஏப்ரல் முதல் புதுக் கடன்களுக்கும், அதே ஆண்டு ஜூன் கடைசிக்குள் பழைய கடன்களுக்கும், தாமதத்துக்கு அபராத வட்டி போடக் கூடாது, அபராதக் கட்டணம் மட்டுமே போடலாம், அதையும் அசலோடு சேர்த்து வட்டி கணக்கிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அறிக்கையை வரிவரியாகப் பார்த்தால் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் புகார் செய்யலாம், விவரம் கேட்க 14448. ஆனால் தவணையைக் குறைத்துத் தா என்று அவர் உத்தரவு போடுவார் என்று எண்ண வேண்டாம். அவர் பார்ப்பது வங்கி விதியை மீறியதா என்பதைத்தான். கடலூர் மாவட்டத்துக்கும் புதுச்சேரிக்கும் முன்னோடி வங்கி, அதாவது மற்ற வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கி, இந்தியன் வங்கி. கிளை மட்டத்தில் கோப்பு நகராதபோது முன்னோடி வங்கி மேலாளரிடம் ஒரு மனு கொடுத்து வைப்பது உதவும்.

மறுசீரமைப்பா, ஓடிஎஸ்ஸா?

வங்கியிலிருந்து ‘ஒரே தொகை கட்டி முடித்துக்கொள்ளுங்கள், தள்ளுபடி தருகிறோம்’ என்று போன் வரும். கேட்க இனிக்கும். இந்த ஒரே தொகைத் தீர்வுக்குத்தான் ஓடிஎஸ் என்று பெயர். ஓடிஎஸ் தொகையைக் கட்டப் பொதுவாகக் குறுகிய அவகாசமே தருவார்கள். 3 மாதத்துக்கு மேல் போனால் ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் வழிகாட்டுதல்படி அது மறுசீரமைப்பாகவே கருதப்படும். முழுப் பணமும் கையில் இல்லாமல் ஓடிஎஸ்ஸில் கையெழுத்துப் போட்டு, பாதியில் நின்றால் தள்ளுபடி ரத்து, கட்டியது பழைய பாக்கியில் கழிப்பு. உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்ட்’ என்று ஏறும், ‘குளோஸ்ட்’ என்று அல்ல. பிற்பாடு கடன் கேட்டுப் போகும்போது இந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும். அதே வங்கியில் புதுக் கடனுக்குக் குறைந்தது 12 மாதம் காத்திருக்க வேண்டும், விவசாயக் கடனுக்கு இந்தக் காலம் பொருந்தாது.

வருமானம் தற்காலிகமாகக் குறைந்திருந்தால் மறுசீரமைப்பு. வருமானமே நின்றுபோய், நிலம் விற்றோ சீட்டு எடுத்தோ ஒரு தொகை கையில் வருகிறது என்றால் ஓடிஎஸ். எங்கள் கருத்து இவ்வளவுதான்.

ஓடிஎஸ் பேசும் ஏஜெண்ட் தன் சொந்த யுபிஐ எண்ணுக்குப் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். வங்கியின் தலைப்புத் தாளில் தொகை, கடைசித் தேதி, கணக்கு எண், ‘இதன்பின் பாக்கி ஏதும் இல்லை’ என்ற வரி எல்லாம் உள்ள கடிதம் வந்த பிறகே, கடன் கணக்கில் நேராகக் கட்டுங்கள். ‘ஈஎம்ஐயை நிறுத்திவிடுங்கள், நாங்கள் பாதியில் முடித்துத் தருகிறோம்’ என்று முன்பணம் வாங்கும் செட்டில்மெண்ட் கம்பெனிகளும் உண்டு. அவர்கள் செய்வதாகச் சொல்லும் கடிதப் போக்குவரத்தை மேலே எழுதிவிட்டோம். மீதி உங்கள் பெயரில் ஏறும் அபராதம்தான்.

மகளிர் குழுக் கடன்

வாரா வாரம் கட்டும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு 2022 மார்ச்சில் வந்த தனி விதிகள் இருக்கின்றன. குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ளவர்களுக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பது இது. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நான்காவது, ஐந்தாவது கம்பெனி இந்த வரம்பைப் பார்க்காமல் கொடுத்திருந்தால் அதைக் கடிதத்தில் எழுதுங்கள். பேசுவதற்கு அது நல்ல ஆயுதம்.

வசூலுக்கு வருபவர் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக் கூடாது, போன் செய்யவும் கூடாது. வசூல் பேசி வைத்த பொது இடத்தில்தான். அங்கே நீங்கள் தொடர்ந்து இரண்டு தடவை வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். மற்ற வங்கிக் கடன்களுக்கு நேரம் காலை 8 முதல் மாலை 7 வரை. சாயங்காலம் ஏழரைக்கு வாசலில் நின்று கத்துகிற ஆளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேதியும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள்.

குழுவில் மற்றப் பெண்கள் உங்கள் பங்கைக் கட்டிவிட்டு மனம் கசந்து போவது தனிச் சிக்கல். அவர்களிடம் ஒளிக்காதீர்கள். ‘என் பங்கு 1,200, இந்த மாதம் 600தான் முடியும், மீதியை ஆடிக்குள் உங்களுக்குத் தருகிறேன்’ என்று குழு நோட்டிலேயே எழுதிவிடுங்கள்.

லோக் அதாலத்

கிளையில் முடியாதது இங்கே முடிவது உண்டு. வழக்குப் போடுமுன்பே வரலாம். கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழு நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது, சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டியில் வட்டக் குழுக்கள். புதுச்சேரிக்குத் தனி ஆணையம். மாநில எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது இங்கே முக்கியம்: கடன் கொடுத்த கிளை எந்த எல்லையில் இருக்கிறதோ அங்கே மனு கொடுப்பதே எளிது. பாகூரில் குடியிருந்து கடலூர்க் கிளையில் வாங்கியவர் கடலூர் வர வேண்டியிருக்கும். எங்கே போவது என்று கேட்க 15100.

வெள்ளைத் தாளில் மனு, ஆதார் நகல், கடன் ஆவணம், மேலே சொன்ன செலவுத் தாள். வங்கிக்கு நோட்டீஸ் போகும். குறித்த நாளில் ஒரு நீதிபதி முன் இரண்டு தரப்பும் உட்காரும். தேசிய லோக் அதாலத் நாளில் வங்கி அதிகாரிகள் தள்ளுபடி தரும் அதிகாரத்தோடு வருவார்கள். அன்றைக்குக் கிடைக்கிற விலை மற்ற நாள் கிடைப்பதில்லை. கட்டணம் கிடையாது. கோர்ட்டில் இருக்கும் வழக்கு இங்கே முடிந்தால் கோர்ட் கட்டணம் திரும்பும்.

ஆனால் கையெழுத்துப் போட்ட தீர்வு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு இல்லை. அதனால் வாசித்துப் பாருங்கள், குறிப்பாக ‘ஒரு தவணை தவறினாலும் முழுப் பாக்கியும் வட்டியோடு உடனே’ என்ற வரியை. அதைத் ‘தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்’ என்று மாற்றக் கேளுங்கள். இரண்டாவது, தவணைக் காலத்தில் வட்டி ஓடுமா நிற்குமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கூட்டம் அதிகமான நாளில் ஐந்து நிமிடத்தில் முடித்து அனுப்பப் பார்ப்பார்கள். அவசரப்பட வேண்டாம், ‘முடியாது’ என்று எழுந்து வர உங்களுக்கு உரிமை உண்டு.

கோர்ட்டுக்கு வந்துவிட்டால்

சம்மன் வந்தால் போங்கள். போகாதவர் மேல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது அவர் இல்லாமலே சொல்லும் தீர்ப்பு, விழும். அத்தோடு ஒரு நல்ல வாய்ப்பும் போய்விடும்: உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 20, விதி 11-இன்படி தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் தவணையில் கட்ட உத்தரவிடக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்புக்குப் பிறகு கேட்டால் கடன் கொடுத்தவர் சம்மதம் வேண்டும்.

தீர்ப்பு வந்து சம்பளப் பிடித்தம் என்றாலும் முழுச் சம்பளமும் போகாது. முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது. 25,000 சம்பளக்காரருக்கு அதிகபட்சம் 8,000 பிடிக்கலாம். ஒரே தீர்ப்புக்காக 24 மாதத்துக்கு மேல் பிடிக்கவும் கூடாது. வருங்கால வைப்பு நிதியில் கை வைக்க முடியாது. பணக் கடன் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது. ஆண்களையும், கட்ட வசதி இருந்தும் கட்டாதவர் என்று நிரூபித்தால்தான்.

மஞ்சக் கடுதாசி

2016-இன் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. சாதாரணக் குடும்பக் கடனுக்கு அது இன்னும் வரவில்லை. இணையத்தில் அதைக் காட்டி விளம்பரம் செய்பவரை நம்ப வேண்டாம். கடலூர்க்காரருக்கு இன்றும் இருப்பது 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம்தான், அதன்படி போடும் மனுவைத்தான் ஐ.பி. (இன்சால்வென்சி பெட்டிஷன்) என்கிறார்கள்.

மனு ஏற்கப்பட்டால் உங்கள் சொத்து கோர்ட் அல்லது அதன் ரிசீவர் கைக்குப் போகும். அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் கோர்ட் அனுமதியில்லாமல் வழக்குப் போட முடியாது. அடமானம் வைத்திருப்பவரை இது தடுக்காது. இதற்குள் தவணைத் திட்டம் ஒன்றை நீங்கள் முன்வைக்கலாம். கடனை நிரூபித்து ஆஜராகும் கடன் கொடுத்தவர்களில் தலைக்கணக்கில் பெரும்பான்மையும், தொகைக் கணக்கில் நான்கில் மூன்று பங்கும் ஒப்பி, கோர்ட்டும் அங்கீகரித்தால் எல்லோரையும் அது கட்டும். ஒருவர் மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும்போது இந்த வழிக்கு அர்த்தம் உண்டு.

மனுவுக்கு முன் வீட்டை மச்சான் பெயருக்கு மாற்றி எழுதிவைத்தால்? 2 ஆண்டுக்குள் செய்த தானமும் பெயர் மாற்றமும் ரத்தாகலாம், 3 மாதத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கட்டியதும் ரத்தாகலாம். அரசுக்குத் தர வேண்டியதும், மோசடி செய்து வாங்கியதும் திவாலிலிருந்து கோர்ட் விடுவித்த பிறகும் நிற்கும்.

கந்துவட்டி

இங்கே தவணை பேசுவது வேறு கதை. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் குற்றமாக்கியிருக்கிறது, 3 ஆண்டு வரை சிறை. அதில் பலரும் அறியாத ஒரு கதவு உண்டு: அரசு நிர்ணயித்த வட்டியோடு கணக்குப் போட்டு, பணத்தைக் கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கலாம். கொடுத்தவர் வாங்க மறுக்கும்போது இது கை கொடுக்கும். 2025-இல் வந்த இன்னொரு தமிழ்நாட்டுச் சட்டம் கட்டாய வசூலைத் தனியே குற்றமாக்கியது. இவை தமிழ்நாட்டுச் சட்டங்கள். புதுச்சேரிப் பக்கம் நடந்த மிரட்டலுக்கு அங்குள்ள காவல் நிலையத்தில் பொதுக் குற்றச் சட்டப்படி புகார் கொடுக்க வேண்டும். எந்தப் பக்கமானாலும் கட்டிய ஒவ்வொரு ரூபாயையும் யுபிஐயில் கட்டுங்கள். நோட்டில் அவர் கிறுக்கும் டிக் மார்க் சாட்சி ஆகாது.

ஒப்பந்தம் ஏன் உடைகிறது

அதிகம் பார்க்கும் காரணம் அற்பமானது. புதுத் தவணை 7,400 என்று முடிவாகியும் பழைய 10,400-க்கான ஆட்டோ டெபிட் ஆணை உயிரோடு இருக்கும். 5-ஆம் தேதி அது போய் முட்டும், பணம் போதாமல் திரும்பும், இரண்டு பக்கமும் கட்டணம் ஏறும், சிஸ்டத்தில் ‘பவுன்ஸ்’ என்று விழும். புது அட்டவணை வந்த அன்றே பழைய ஆணையை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். சம்பளம் 7-ஆம் தேதி என்றால் தவணை 10-ஆம் தேதி இருக்கட்டும்.

அடுத்தது புதுக் கடன். கார்டு கைவசம் இருந்தால் தீபாவளிக்குத் தேய்ப்பீர்கள். வெட்டிப் போட்டால் மட்டும் போதாது, கணக்கை முடக்கச் சொல்லி எழுதுங்கள். ஒரு மாதம் முடியாமல் போனால் தேதிக்கு முன்பே எழுத்தில் சொல்லி, முடிந்ததைக் கட்டுங்கள். சொல்லாமல் தவறுவதை ஓடிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கடைசித் தவணைக்குப் பின்

பாக்கியின்மைச் சான்று வாங்குங்கள். கொடுத்து வைத்த செக், புரோநோட், கையெழுத்திட்ட முத்திரைத் தாள் எல்லாவற்றையும் நோட்டில் அந்தக் கடனுக்கான பக்கக் கணக்கோடு எண்ணி வாங்குங்கள். வீட்டுப் பத்திரத்தை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரசீதையும் பதிவு செய்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வண்டியென்றால் படிவம் 35-ஐக் கொடுத்து ஆர்சி புத்தகத்தில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயரை நீக்குங்கள்.

இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கை எடுங்கள், ஆண்டுக்கு ஒன்று இலவசம். இதே வேலை செய்யும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் மூன்றிலும் அப்படியே. பாக்கி சுழியம் என்று வரவில்லையென்றால் சான்றின் நகலோடு திருத்தம் கேளுங்கள். 30 நாளுக்கு மேல் இழுத்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கேட்டால்தான் தருவார்கள்.